வாடகை வீடும் செல்லப்பிராணியும்

பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று எனக் கருதப்படும் முதுமரம் இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்கள் பெருகின. அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, தாப்பா, பீடோர் எனப் பேராக்கின் பல வட்டாரங்களில் காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அத்தோட்டங்களில் பால்மரம் வெட்டினர். நிர்வாகம் கட்டிக்கொடுத்த லயங்களில் குடியிருந்தனர்.

லய வாழ்க்கையில் மனிதரோடு விலங்குகளும் சேர்ந்தே வாழ்ந்தன. வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு இருக்கும். சற்றுத் தள்ளி மாட்டுக்கொட்டகையோ ஆட்டுப்பட்டியோ இருக்கும். வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். அந்த நாய்க்கென்று எவரும் கட்டணம் வாங்கியதில்லை. எந்தத் தாளிலும் கையொப்பம் இட்டதில்லை. வேலையோடு சேர்ந்து வந்தது வீடு. ஆனால், அதே காரணத்தால் வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையும் இருந்தது. 1950-களிலும் 1960-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது பல குடும்பங்கள் இரண்டையும் ஒருசேர இழந்தன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததற்கு இதுவே காரணம். தொழிலாளர்கள் தம் சேமிப்பை ஒன்றுதிரட்டித் தோட்டங்களை வாங்குவதற்கு அச்சங்கம் வழிவகுத்தது.

பின்னாளில் ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பணி ஓய்வு பெற்றவர்களும் வேறு வேலை தேடியவர்களும் ஈப்போவுக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் குடிபெயர்ந்தனர். புந்தோங், மெங்லெம்பு, சிம்மோர் போன்ற இடங்களில் வாடகை வீடு தேடினர். மாட்டையும் ஆட்டையும் விற்றுவிடலாம். பத்தாண்டுகளாக வாசலில் படுத்திருந்த நாயை விற்க முடியாது. அப்போதுதான் வீட்டு உரிமையாளர் கேட்கும் கேள்வி குறுக்கே வருகிறது: செல்லப்பிராணி உண்டா? உண்டென்றால் அதற்குக் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும்.

அந்தப் பணம் எத்தகையது? குடியிருப்பவரின் வாழ்க்கைச் சூழல் மாறினால் அது என்னவாகும்? தோட்டத்திலிருந்து வந்தவர்கள் மட்டுமன்றி, வாடகை வீட்டில் வாழும் அனைவரும் இவற்றை அறிந்திருப்பது நலம்.

ஒரு பணம், மூன்று வகை

மலேசியாவில் வீடு வாடகைக்கு எடுப்போர் பெரும்பாலும் மூன்று தொகைகளைத் தொடக்கத்திலேயே செலுத்துகின்றனர். அவை இரண்டு மாத வாடகைக்கு ஈடான காப்பு வைப்புத்தொகை, அரை மாத வாடகைக்கு ஈடான நீர், மின்சார வைப்புத்தொகை, முதல் மாத வாடகை ஆகியனவாகும். இது வழக்கமே தவிர, சட்டம் விதித்த அளவு அன்று. மாத வாடகை 700 ரிங்கிட் எனக் கொண்டால் 1,400 ரிங்கிட், 350 ரிங்கிட், 700 ரிங்கிட் என மொத்தம் 2,450 ரிங்கிட் தேவைப்படும். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு இது சிறிய தொகை அன்று. செல்லப்பிராணிக்கான பணம் இதற்கு மேல் வருகிறது.

செல்லப்பிராணிக்காக வாங்கப்படும் பணத்தைப் பலரும் ‘நாய்க்காசு’ என்றோ ‘பூனைக்காசு’ என்றோ ஒரே சொல்லில் சொல்லிவிடுகின்றனர். உண்மையில் அது மூன்று வகைப்படும்.

முதல் வகை, வைப்புத்தொகை. இதை உரிமையாளர் கையில் வைத்திருந்தாலும் இது வாடகைதாரரின் பணமே. பிராணி கதவைச் சுரண்டியிருந்தால் அல்லது தரையைக் கெடுத்திருந்தால் அதைச் சரிசெய்யும் செலவு மட்டும் கழிக்கப்படும். மீதம் திரும்ப வர வேண்டும்.

இரண்டாம் வகை, ஒருமுறைக் கட்டணம். வீட்டைச் சுத்தம் செய்வதற்கும் உண்ணி, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றை ஒழிக்க மருந்தடிப்பதற்கும் என முன்கூட்டியே வாங்கப்படுவது இது. சேதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது திரும்ப வராது.

மூன்றாம் வகை, மாதக் கூடுதல் வாடகை. பிராணி வீட்டில் இருக்கும் காலம்வரை மாதந்தோறும் வாடகையோடு சேர்த்துச் செலுத்தப்படுவது. இதுவும் திரும்ப வராது.

மூன்றையும் கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு நன்கு விளங்கும். ஒருவர் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் குடிவருகிறார் எனக் கொள்வோம். உரிமையாளர் 350 ரிங்கிட் வைப்புத்தொகை கேட்டால், சேதம் ஏதும் இல்லாதவிடத்து அவருக்கு இறுதியில் செலவு எதுவுமில்லை. 250 ரிங்கிட் ஒருமுறைக் கட்டணம் கேட்டால் செலவு 250 ரிங்கிட். மாதம் 30 ரிங்கிட் கூடுதல் வாடகை கேட்டால் 24 மாதங்களுக்குச் செலவு 720 ரிங்கிட். கேட்கும்போது மிகச் சிறியதாகத் தோன்றும் 30 ரிங்கிட்தான் இறுதியில் மிகப் பெரிய செலவாக முடிகிறது. ஆனால், கையில் முதலாக 350 ரிங்கிட் இல்லாதவருக்கு மாதம் 30 ரிங்கிட் கொடுப்பதே இயலக்கூடியதாக இருக்கும். ஆகவே, எது சிறந்தது என்பது குடும்பத்தின் நிலையைப் பொறுத்தது. எது எவ்வகை என்பதை மட்டும் பணம் கொடுக்கும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டில் ‘செல்லப்பிராணிக்காக’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது திரும்ப வருமா, வராதா என்ற வழக்கு பின்னர் எழும்.

உரிமையாளரின் அனுமதி மட்டும் போதுமா?

பணம் கொடுத்துவிட்டதால் பிராணியை வளர்க்கும் உரிமை முழுமையாகக் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது தவறு. உரிமையாளருக்கு அப்பாலும் இருவரின் விதிகள் உள்ளன.

முதலாவது, ஊராட்சி மன்றம். ஈப்போ மாநகர் மன்றத்தின் எல்லைக்குள் நாய் வளர்ப்போர் மன்றத்திடம் உரிமம் பெற வேண்டும். பிற ஊராட்சி மன்றங்களுக்கும் தத்தம் விதிகள் உண்டு. எத்தனை நாய்களை வளர்க்கலாம், எவ்வகை வீட்டில் வளர்க்கலாம் என்பதைக் குடிபுகும் முன்பே மன்ற அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

இரண்டாவது, அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகம். 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் 2015-இல் வெளியிடப்பட்ட ஒழுங்குமுறைகளில் செல்லப்பிராணிகள் பற்றிய விதி இடம்பெற்றுள்ளது. அண்டைவீட்டாருக்குத் தொல்லை தருகின்ற, அவர்களின் பாதுகாப்புக்கோ உடல்நலத்துக்கோ ஊறு விளைவிக்கின்ற, அல்லது ஊராட்சி மன்ற விதிகளுக்கு முரணான விலங்கை வளர்க்கக்கூடாது என்று அது கூறுகிறது. அதோடு, குடியிருப்பின் நிர்வாகக் கழகம் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிச் செல்லப்பிராணிகள் தொடர்பாகக் கூடுதல் விதிகளையும் வகுக்கலாம். இவ்விதிகள் வீட்டு உரிமையாளரையும் வாடகைதாரரையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும்.

சட்டத்தைப் போலவே அண்டை அயலாரின் உணர்வும் முதன்மையானது. பல இனத்தவரும் பல சமயத்தவரும் ஒரே மாடிப்படியையும் ஒரே மின்தூக்கியையும் பயன்படுத்தும் நாடு இது. நாயைத் தொடுவதையும் நாய் தம்மைத் தொடுவதையும் தவிர்க்கும் அண்டைவீட்டார் இருப்பர். தோட்டத்தில் நாய் ஓடி விளையாட வெளியிடம் இருந்தது. அடுக்குமாடியிலோ அதே நாய் ஒரு சுவருக்கு அப்பால் உறங்கும் குழந்தையின் காதருகே குரைக்கிறது. இதை உணர்ந்து நடப்பவருக்கு அக்கம்பக்கத்தாரின் ஆதரவும் கிடைக்கும்.

சூழ்நிலை மாறும்போது

ஒப்பந்தம் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ எழுதப்படுகிறது. வாழ்க்கை அதற்குள் பலமுறை மாறிவிடுகிறது. பெரும்பாலான சச்சரவுகள் தோன்றுவது இங்கேதான். பொதுவாக நிகழும் ஐந்து மாற்றங்களைக் காண்போம்.

பிராணி இறந்துவிட்டால்: மேலே கூறிய 24 மாத ஒப்பந்தத்தில் ஒன்பதாம் மாதத்தில் நாய் இறந்துவிடுகிறது எனக் கொள்வோம். மாதக் கூடுதல் வாடகை என்றால், பிராணி இல்லாத காலத்துக்கு அதைச் செலுத்துவதில் நியாயமில்லை. எஞ்சிய 15 மாதங்களுக்கான 450 ரிங்கிட் மிஞ்ச வேண்டும். ஆயினும், ‘பிராணி வீட்டில் இருக்கும் காலம்வரை மட்டும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், உரிமையாளர் இசையும்வரை முழு வாடகையையும் கேட்கும் வாய்ப்பு அவருக்கு உண்டு. வைப்புத்தொகையின் நிலை வேறு. நாய் இறந்துவிட்டாலும் அது முன்பு ஏற்படுத்திய சேதம் வீட்டில் இருக்கக்கூடும். ஆகவே, உரிமையாளர் ஒப்பந்தம் முடியும்வரை அதை வைத்திருக்க விரும்புவது இயல்பே. இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டுச் சேதமில்லை என உறுதிசெய்தால் முன்கூட்டியே திருப்பித் தரலாம். ஒருமுறைக் கட்டணம் எந்நிலையிலும் திரும்ப வருவதில்லை.

புதிய பிராணி வந்தால்: தோட்டத்தில் தனியாக இருந்த தாயார் வயது முதிர்ந்து மகனின் வாடகை வீட்டுக்கு வருகிறார். அவரோடு அவருடைய நாயும் வருகிறது. இது எங்கும் நிகழக்கூடியது. இந்நிலையில் நாய் வந்த பிறகு சொல்வதைவிட வருவதற்கு முன் கேட்பதே முறை. உரிமையாளர் புதிதாக வைப்புத்தொகை கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். அனுமதியின்றி மறைத்து வளர்த்தால் அது ஒப்பந்த மீறலாகும். நாயால் எந்தச் சேதமும் நேராவிட்டாலும் உரிமையாளரின் நம்பிக்கை போய்விடும். இழந்த நம்பிக்கையை ஈடுகட்டும் வைப்புத்தொகை எதுவும் இல்லை.

வருமானம் குறைந்தால்: தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்கிறது; கூடுதல் நேர வேலை நின்றுவிடுகிறது. குடும்பத்தால் வாடகையே கட்ட முடியாதபோது பிராணிக்கான 30 ரிங்கிட்டும் சுமையாகும். இத்தகைய நேரத்தில் வாடகை தவறும் முன்பே உரிமையாளரைச் சந்தித்து நிலைமையை எடுத்துரைப்பது பயன் தரும். கூடுதல் வாடகையைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கவோ, தவணையாகச் செலுத்தவோ அவர் இசையலாம். ‘வைப்புத்தொகையில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று தாமாகவே முடிவுசெய்து வாடகையை நிறுத்துவது சரியன்று. வைப்புத்தொகை சேதத்துக்கான காப்பு. உரிமையாளர் ஒப்புக்கொண்டால் ஒழிய அது வாடகை ஆகாது.

வீடு கைமாறினால்: உரிமையாளர் வீட்டை விற்றுவிடலாம் அல்லது அவர் இறந்து வீடு வாரிசுகளுக்குப் போகலாம். பழைய உரிமையாளரிடம் கொடுத்த வைப்புத்தொகை இப்போது யாரிடம் உள்ளது என்பது முதல் கேள்வி. நாயை வளர்க்க அவர் கொடுத்த அனுமதியைப் புதியவர் ஏற்கிறாரா என்பது இரண்டாம் கேள்வி. இரண்டுக்கும் விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

வீட்டைக் காலிசெய்ய நேர்ந்தால்: வேலை மாற்றத்தால் ஒப்பந்தம் முடியும் முன்பே குடும்பம் வெளியேற வேண்டியிருக்கலாம். அப்போது எத்தனை மாதங்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். முன்கூட்டியே வெளியேறினால் காப்பு வைப்புத்தொகை பறிமுதலாகும் என்று பல ஒப்பந்தங்கள் கூறுகின்றன. அந்நிலையிலும் செல்லப்பிராணிக்கான வைப்புத்தொகையைத் தனியாகக் கணக்குப் பார்க்கும்படி கேட்கலாம். அது வேறு நோக்கத்துக்காக வாங்கப்பட்ட பணம் என்பது பற்றுச்சீட்டில் தெளிவாக இருந்தால் அக்கோரிக்கை வலுப்பெறும்.

சட்டம் துணை நிற்குமா?

மலேசியாவில் வாடகைக் குடியிருப்புக்கெனத் தனிச்சட்டம் ஒன்றைக் கொண்டுவரும் முயற்சி பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. செல்லப்பிராணிக்கு எவ்வளவு வாங்கலாம் என்று வரையறுக்கும் விதி எதுவும் தற்போது இல்லை. எனவே, வாடகைதாரரும் உரிமையாளரும் செய்துகொள்ளும் ஒப்பந்தமே பெரும்பாலும் சட்டமாகிறது. ஆயினும், பொதுவான சட்டங்கள் சில இங்கே உதவுகின்றன.

மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத வாடகையை வாய்மொழியாகவும் செய்துகொள்ள நிலச்சட்டம் இடமளிக்கிறது. தோட்டப்புறத்தில் சொல்லையே பத்திரமாக நம்பி வாழ்ந்தவர்களுக்கு இது பழக்கமான முறை. வாய்மொழி ஒப்பந்தம் செல்லும். ஆனால், அதை மெய்ப்பிப்பது கடினம். ஐம்பது ரிங்கிட் பற்றிய சிறு சச்சரவில்கூட ஒருவரின் நினைவு மற்றவரின் நினைவோடு மோதும்.

1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் இரு பிரிவுகள் குறிப்பிடத்தக்கவை. அச்சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, இரு தரப்பினரும் ஒத்துக்கொண்டு ஒப்பந்தத்தை மாற்றினால் பழைய நிபந்தனையை நிறைவேற்ற வேண்டியதில்லை. சூழ்நிலை மாறும்போது கட்டணத்தையும் மாற்ற வழி உண்டு என்பது இதன் பொருள். ஆனால், ஒருவர் மட்டும் விரும்பினால் போதாது. இருவரும் இசைய வேண்டும். 75-ஆம் பிரிவு ஒப்பந்த மீறலைப் பற்றியது. ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதப்பட்டிருந்தாலும், அத்தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே பெற முடியும் என்று அது கூறுகிறது. வைப்புத்தொகையைப் பறிமுதல் செய்வதும் இப்பிரிவுக்கு உட்பட்டதே என்று கூட்டரசு நீதிமன்றம் கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்கும் மார்ஸ் டெலிகம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பளித்தது. பறிமுதல் நியாயமற்றது என்று கருதுபவரே அதை எடுத்துக்காட்ட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. இங்கேதான் நிழற்படங்களும் பற்றுச்சீட்டுகளும் கைகொடுக்கின்றன.

வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டைக் காலிசெய்யவில்லை என்றாலும், உரிமையாளர் தாமாகப் பூட்டை மாற்றி அவரை வெளியேற்ற முடியாது. 1950-ஆம் ஆண்டு குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, நீதிமன்றத்தின் வாயிலாகவே வீட்டை மீட்க வேண்டும் என்று விதிக்கிறது. இப்பாதுகாப்பு வாடகையைக் கட்டாமல் இருப்பதற்கான உரிமை அன்று. நிலுவை வாடகையைக் கோரி உரிமையாளரும் நீதிமன்றம் செல்லலாம்.

திரும்ப வர வேண்டிய பணம் வராவிட்டால் என்ன செய்யலாம்? முதலில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அதற்கும் பயன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையை நாடலாம். 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93-ஆம் கட்டளை 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கோரிக்கைகளுக்கு இவ்வழியை வகுத்துள்ளது. தனிநபர் ஒருவர் வழக்கறிஞரை அமர்த்தாமல் தாமே இக்கோரிக்கையைத் தொடுக்கலாம். செல்லப்பிராணிக்கான வைப்புத்தொகை பெரும்பாலும் இவ்வரம்புக்குள் அடங்கிவிடும். நீதிமன்றத்தில் ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்ட வேண்டுமானால் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். தீர்வை செலுத்தும் சிறு செலவை மிச்சம்பிடிக்க எண்ணிப் பின்னர் பெருந்தொகையை இழந்தவர்கள் உண்டு.

பிற நாடுகள் காட்டும் வழி

சூழ்நிலை மாற்றத்தைச் சட்டத்திலேயே எதிர்நோக்கிய இடங்களும் உலகில் உள்ளன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் அவற்றுள் ஒன்று. அங்கே செல்லப்பிராணிச் சேத வைப்புத்தொகை அரை மாத வாடகையைத் தாண்டக்கூடாது. எத்தனை பிராணிகள் இருந்தாலும் ஒரே வைப்புத்தொகைதான். அதை ஒப்பந்தம் செய்யும்போது வாங்கலாம். அல்லது வாடகைதாரர் இடையில் புதிய பிராணியை வளர்க்க உரிமையாளர் இசையும்போது வாங்கலாம். வேறு எந்த நேரத்திலும் கேட்க முடியாது. பிராணி விளைவித்த சேதத்துக்கு மட்டுமே அதிலிருந்து கழிக்கலாம். வாடகைதாரர் வீட்டைக் காலிசெய்து தம் புதிய முகவரியை எழுத்தில் கொடுத்த பின், 15 நாள்களுக்குள் உரிமையாளர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அல்லது அதைக் கழிக்க அனுமதி கோரி விண்ணப்பிக்க வேண்டும். கண்பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்க்கு இவ்வைப்புத்தொகையை வாங்கவே கூடாது.

அதே நாட்டின் ஒன்டாரியோ மாநிலம் வேறு வழியில் செல்கிறது. ‘பிராணி வளர்க்கக்கூடாது’ என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அங்கே அது செல்லாது. இங்கிலாந்தில் 2019-ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டம் செல்லப்பிராணிக்கெனத் தனிக் கட்டணம் வாங்குவதைத் தடைசெய்தது. அதன் விளைவாக, உரிமையாளர்கள் சிலர் மாத வாடகையையே உயர்த்திக் கேட்கத் தொடங்கினர். ஒரு கதவை அடைத்தால் பணம் மறு கதவு வழியாக நுழைய முயல்கிறது. ஆகவே, எவ்வளவு என்பதை மட்டுமன்றி எதற்காக, எப்போதுவரை என்பதையும் விதி சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் விதி அதைச் செய்வதால்தான் சச்சரவுக்கு இடம் குறைகிறது.

இத்தகைய சட்டம் இல்லாத இடத்தில் அதே தெளிவை ஒப்பந்தத்தின் வழியாகவே உருவாக்கிக்கொள்ளலாம்.

எழுதி வைக்க வேண்டியவை

ஒப்பந்தத்தோடு இணைக்கப்படும் ஒரு பக்கக் கடிதமே இதற்குப் போதுமானது. அதில் பின்வருவன இடம்பெற வேண்டும்:

1. பிராணியின் வகை, எண்ணிக்கை, வயது. நாயாக இருந்தால் உரிம விவரம்.
2. செலுத்தப்படும் தொகை எவ்வளவு. அது வைப்புத்தொகையா, ஒருமுறைக் கட்டணமா, மாதக் கூடுதல் வாடகையா என்பது.
3. எவை சேதமாகக் கருதப்படும், எவை இயல்பான தேய்மானம் என்பது. வெயிலில் மங்கிய சுவர்ச்சாயம் தேய்மானம்; நாய் கடித்த கதவுநிலை சேதம்.
4. பிராணி இறந்தாலோ வேறிடம் சென்றாலோ கூடுதல் வாடகை எந்த நாளிலிருந்து நிற்கும் என்பது.
5. புதிய பிராணியைக் கொண்டுவர எவ்வாறு அனுமதி கேட்க வேண்டும், எத்தனை நாள்களில் விடை தர வேண்டும் என்பது.
6. வீட்டைக் காலிசெய்த பின் எத்தனை நாள்களில் மீதத் தொகை திருப்பித் தரப்படும் என்பது.

குடிபுகும் நாளில் இருவரும் சேர்ந்து ஒவ்வோர் அறையையும் நிழற்படம் எடுத்து ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது நல்லது. வெளியேறும் நாளில் அதே இடங்களை மீண்டும் படமெடுத்து ஒப்பிடலாம். கழிக்கப்படும் தொகைக்குப் பழுதுபார்த்தவரின் பற்றுச்சீட்டைக் கேட்பது வாடகைதாரரின் உரிமை. அதைக் காட்டுவது உரிமையாளருக்கும் நன்மையே; தாம் நியாயமாக நடந்துகொண்டதை அவர் அதன்வழி மெய்ப்பிக்கிறார். உரிமையாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது. அவரும் வீட்டுக் கடனைத் தவணையாகக் கட்டிவரும் ஆசிரியராகவோ ஓய்வூதியராகவோ இருக்கலாம். கெட்டுப்போன தரையைச் சரிசெய்யும் செலவு அவரையும் பாதிக்கும்.

வாயில்லா உயிரின் நிலை

பணக்கணக்கு தவறும்போது அதன் விளைவை அனுபவிப்பது பெரும்பாலும் பிராணியே. கட்டணம் கட்ட இயலாத குடும்பம், உரிமையாளர் அறியாமல் நாயைக் கொண்டுவந்து பின்னர் பிடிபட்ட குடும்பம், நிர்வாகக் கழகத்தின் கடிதம் கிடைத்த குடும்பம் ஆகியவை அவசரத்தில் முடிவெடுக்கின்றன. குடும்பங்கள் வெளியேறிய பழைய லயங்களில் நாய்கள் பின்தங்கிவிடுவதற்கும் இத்தகைய அவசரமே காரணமாகிறது. அவை தாம் அறிந்த வாசலிலேயே காத்துக் கிடக்கின்றன.

2015-ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டம், பிராணியின் அடிப்படைத் தேவைகளை நிறைவுசெய்யும் கடமையை அதன் உரிமையாளர்மீது சுமத்துகிறது. ஏற்ற இருப்பிடம், ஏற்ற உணவு, இயல்பாக நடமாடும் வாய்ப்பு, துன்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவை அத்தேவைகளுள் அடங்கும். குடிபெயர்வது இக்கடமையிலிருந்து விடுதலை அளிப்பதில்லை. புதிய வீட்டில் பிராணிக்கு இடமில்லை என்பது உறுதியானால், வெளியேறும் நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே உறவினர், நண்பர், விலங்குநல அமைப்பு ஆகியோரை அணுகி அதற்கு வேறு இல்லம் தேட வேண்டும்.

வீடு தேடும்போது படுக்கையறைகளின் எண்ணிக்கையையும் பேருந்து நிறுத்தத்தின் தொலைவையும் விசாரிக்கும் குடும்பம், நாய்க்கு இடமுண்டா, அதற்கான பணம் எவ்வகை, நிலைமை மாறினால் என்னவாகும் என்ற மூன்று கேள்விகளையும் அதே நாளில் கேட்டுவிடலாம். கேட்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். அதற்கான விடைகள் ஒரு தாளில் ஏறிவிட்டால், வேலை மாறினாலும் வீடு கைமாறினாலும் குடும்பத்தின் சேமிப்புக்கும் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் பாதுகாப்பு இருக்கும்.